தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போகிறீர்களா? அறையைப் பிடிக்குமுன் சாப்பாட்டுக் கணக்கைப் போடுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கள் கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் லீவு விட்டால் பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் விளையாட்டு இருக்கிற பார்க். பக்கத்தில் மலம்புழாவில் ஃபேன்டசி பார்க். சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி போகும் வழியில், வெற்றிலப்பாறையில் சில்வர் ஸ்டார்ம். கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் வொண்டர்லா. தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். காலையில் போய் மாலையில் திரும்பியது ஒரு காலம். இப்போது ஒரு ராத்திரி ரிசார்ட்டில் தங்கி வரலாம் என்று நிறைய வீடுகளில் ஆசைப்படுகிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது டிக்கெட் எவ்வளவு, ரூம் எவ்வளவு என்று. சாப்பாட்டைக் கேட்பதே இல்லை. ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. டிக்கெட் விலை முன்பே தெரியும், சாப்பாட்டு விலை பசித்த பிறகுதான் தெரியும். பசியோடு நிற்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது. அதனால் சாப்பாட்டை முடிவு செய்ய வேண்டியது வீட்டில், அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால். முதல்முறை போகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது

ரிசார்ட்காரரைத் திட்டிப் பயனில்லாத காரணங்களும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஒரேயடியாக உயர்த்தியது. கேரளத்துச் சமையலறைக்கு உயிரான தேங்காய் எண்ணெய் 2025 ஆடி வாக்கில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. தோப்பு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அது நல்ல காலம், பொரித்த மீன் கேட்கிறவர்களுக்குக் கெட்ட காலம். ஹோட்டல்கள் வாங்கும் 19 கிலோ கேஸ் சிலிண்டரின் விலையோ மாதம் பிறந்தால் மாறும்.

இன்னொரு காரணம், கேட்டுக்கு உள்ளே போட்டி கிடையாது என்பது. ரோட்டில் ஒரு கடையில் பரோட்டா விலை ஏறினால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். பார்க்குக்குள் எதிர்க்கடையும் அவர்களுடையதுதான். ஆன்லைனில் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி போட்டு இழுப்பார்கள். அதை ஈடுகட்டும் இடம் சாப்பாட்டுக் கவுண்டர். தள்ளுபடி பெரிதாக இருந்தால் சாப்பாட்டு விலையை இன்னும் கவனமாக விசாரியுங்கள்.

முதல் படி: அந்த எழுத்துகள் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிசார்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் விலை கேட்டால் "6500 சி.பி. பிளஸ் டாக்ஸ்" என்று ஒரே வரியில் பதில் வரும். புதிதாகப் போகிறவர்கள் 6,500 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். காசு இருப்பது மற்ற இரண்டு வார்த்தைகளில்.

இ.பி. என்றால் அறை மட்டும், பச்சைத் தண்ணீர்கூடக் கணக்கில் இல்லை. சி.பி. என்றால் அறையோடு காலை உணவு. எம்.ஏ.பி. என்றால் காலை உணவும், மதியம் அல்லது இரவு ஒரு வேளைச் சாப்பாடும். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். மாலை டீயும் பஜ்ஜியும் இதில் சேருமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் திட்டங்கள் வழக்கமாக இரண்டு பெரியவர்களுக்கானவை. மூன்றாவது ஆள், பாட்டி, பிள்ளைகள் எல்லாம் தனிக் கணக்கு. ஐந்து வயதுக்குள் இலவசம், பன்னிரண்டு வரை பாதி என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் வயதுக்குப் பதில் உயரத்தைப் பார்க்கிறார்கள். பார்க் டிக்கெட்டில் உயரம், ரிசார்ட் சாப்பாட்டில் வயது என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு அளவுகோலும் வரும். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றில், ஒன்பது வயதுப் பையன் கொஞ்சம் வளர்த்தியானவன். ராத்திரி பஃபேக்குப் போன இடத்தில் அவனுக்குப் பெரியவர் விலை போட்டார்கள். அவன் சாப்பிட்டது இரண்டு சப்பாத்தியும் ஒரு ஐஸ்கிரீமும். அறை பிடிக்கும்போதே பிள்ளையின் வயதை எழுதி அனுப்பி, "இவனுக்குச் சாப்பாடு எவ்வளவு?" என்று கேட்டு, வந்த பதிலைப் போனில் வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது படி: நீங்கள் உண்மையில் சாப்பிடப்போகும் வேளைகளை எண்ணுங்கள்

ஒரு ராத்திரி, இரண்டு நாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் கிளம்புகிறீர்கள். முதல் நாள் காலைச் சாப்பாடு வழியில். பார்க் திறப்பது பெரும்பாலும் பத்தரை, பதினொன்று; மூடுவது மாலை ஐந்து, ஆறு. ஆக மதியச் சாப்பாடு பார்க்குக்குள். அறைக்குப் போய்க் குளித்துவிட்டு இரவுச் சாப்பாடு. மறுநாள் காலைச் சாப்பாடு ரிசார்ட்டில். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும். அன்று மதியம் திரும்பும் வழியில்.

இப்போது ஏ.பி. திட்டத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மூன்று வேளைக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். ரிசார்ட்டின் மதியச் சாப்பாடு தயாராக இருக்கும்போது நீங்கள் பார்க்கில் ஈர உடையோடு வரிசையில் நிற்கிறீர்கள். மறுநாள் மதியம் என்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் பையும் கையுமாக இரண்டு மணி நேரம் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு ஏ.பி. பொருந்தவே பொருந்தாது என்பது என் அனுபவம். அறையைவிட்டு வெளியே போகாமல் ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு அது சரி.

மிச்சம் இருப்பது சி.பி.யா, எம்.ஏ.பி.யா என்ற கேள்வி. அதாவது, இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே வாங்குவதா வேண்டாமா என்பது.

மூன்றாவது படி: வரியோடு கணக்குப் போடுங்கள்

பல பேருக்குத் தெரியாமல் காசு போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். சாப்பாட்டையும் அறையையும் சேர்த்து ஒரே விலையாகப் பில் போட்டால், அந்த மொத்த விலைக்கும் அறையின் வரிதான் பெரும்பாலும் வரும். இதன் விளைவைப் பாருங்கள். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

சி.பி. 6,500 ரூபாய். 5 சதவீதம் சேர்த்தால் 6,825.
எம்.ஏ.பி. 8,700 ரூபாய். 7,500-ஐத் தாண்டிவிட்டதால் 18 சதவீதம். சேர்த்தால் 10,266.

விலைப் பட்டியலில் வித்தியாசம் 2,200 ரூபாய்தான். இரண்டு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு தலைக்கு 1,100 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். கையைவிட்டுப் போகிற காசில் வித்தியாசம் 3,441 ரூபாய். தலைக்கு 1,720. அதே ரிசார்ட்டில் பஃபே தனியாக 750 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500-க்கு மேல் அறை விற்கும் ஹோட்டல்களின் ரெஸ்டாரண்டில் சாப்பாட்டுக்கும் 18 சதவீத வரி, மற்ற இடங்களில் 5 சதவீதம். 18 என்றே போட்டாலும் தலைக்கு 885 ரூபாய். இரண்டு பேருக்கு 1,770. பாதிதான்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் வரும் என்று சொல்லவில்லை. இரண்டு விலையுமே 7,500-க்குள் இருந்தால் எம்.ஏ.பி. லாபமாகவும் இருக்கலாம். சாப்பாட்டைத் தனியாகப் பிரித்துப் பில் போடும் இடங்களும் உண்டு. அதனால் போனில் கேட்க வேண்டியது இது: "அண்ணா, டாக்ஸ் எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு போகும்? சி.பி.க்குச் சொல்லுங்க, எம்.ஏ.பி.க்கும் சொல்லுங்க. டின்னர் பஃபே தனியா சாப்பிட்டா தலைக்கு எவ்வளவு?" மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் பதில் கண்ணுக்குத் தெரியும். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாலக்காடு, திருச்சூர் பக்கத்து ரிசார்ட்களில் தமிழில் பேசினாலே பதில் சொல்வார்கள், சேச்சி (அக்கா), சேட்டா (அண்ணா) என்று கூப்பிட்டால் இன்னும் கனிவாகச் சொல்வார்கள்.

கொச்சி, கோவை, மலம்புழா மாதிரி வெளியே கடைகள் உள்ள இடங்களில் சி.பி. போதும், ராத்திரிச் சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் பேச்சு. அதிரப்பள்ளிப் பக்கம் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே இருட்டிய பிறகு யானை நடமாடும் ரோடு. சாப்பாட்டுக்காகப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவது வேண்டாத வேலை. அங்கே ராத்திரிச் சாப்பாட்டை ரிசார்ட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திட்டமாக வாங்குவதா, அங்கே போய்த் தனியாக ஆர்டர் செய்வதா என்பதை அந்த மூன்று எண்களும் சொல்லிவிடும். தனியாக ஆர்டர் செய்வதென்றால் கிச்சன் எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: பார்க்குக்குள் மதியச் சாப்பாடு

டிக்கெட்டோடு சாப்பாட்டையும் சேர்த்து காம்போ என்று விற்கிறார்கள். வாங்குமுன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அது பஃபேயா, ஒரு தட்டுச் சாப்பாடா? எந்த ரெஸ்டாரண்டில் செல்லும், எல்லாவற்றிலுமா ஒன்றிலா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? சைவத்துக்கும் அசைவத்துக்கும் ஒரே விலையா?

கடைசிக் கேள்வி நம் பக்கம் முக்கியம். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, மாலை போட்ட மாதம் என்று வீட்டில் பாதிப்பேர் அசைவம் தொடாத நாளாக இருக்கும். அசைவ பஃபேயின் முழு விலையைக் கொடுத்துவிட்டுச் சாம்பாரும் தயிரும் சாப்பிட்டு எழுந்து வருகிற பெரியவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அவர்களுக்குத் தனித்தட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் பஃபே வேண்டாம். தண்ணீரில் ஆடுகிற பிள்ளைகள் ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதில்லை; கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கேட்பார்கள். பதினொன்றரைக்கு ஒரு முறை, மூன்றரை நான்குக்கு ஒரு முறை. பார்க்குக்குள் அதிகம் செலவாவது இந்த இடைப்பசியில்தான்: ஐஸ்கிரீம், பாப்கார்ன், ஃப்ரெஞ்ச் ஃப்ரை, கூல்டிரிங்ஸ். சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று ஒதுக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஆளுக்கு இரண்டு, எது வேணுமோ நீயே எடுத்துக்கோ." அவர்களே கணக்குப் பார்த்து வாங்குவார்கள்.

நேரம் பெரிய விஷயம். ஒன்றேகால் மணிக்கு மேல் பஃபே வரிசை நீண்டுவிடும். நனைந்த உடையோடு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். சர்க்கரை உள்ள ஒரு பாட்டி கூட வருகிறார் என்று வையுங்கள். பன்னிரண்டரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட்டே ஆக வேண்டும். வரிசை நகரவில்லை என்றால் கை நடுங்க ஆரம்பிக்கும், வேர்க்கும். தட்டு கைக்கு வந்த பிறகு மாத்திரை போடட்டும். சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் ரைடுகளில் இருப்பார்கள், சாப்பாட்டு இடம் காலியாக இருக்கும். நீங்கள் சாப்பிட்டு முடித்து வரும்போது அவர்கள் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருப்பார்கள், ரைடு வரிசை குறைந்திருக்கும். சாப்பிட்டதும் சுழலும் ரைடுகளில் ஏறாமல் அரைமணி நேரம் நிழலில் இருங்கள்.

சில பார்க்குகளில் உள்ளே காசு செல்லாது. ஒரு கார்டிலோ கையில் கட்டும் பட்டையிலோ பணம் ஏற்ற வேண்டும். அன்றைக்கே மிச்சத்தைத் திருப்பித் தருவார்களா, எந்தக் கவுண்டரில், எத்தனை மணி வரை என்று ஏற்றும்போதே கேளுங்கள். மூடும் நேரத்தில் அந்தக் கவுண்டரில் கூட்டம் மொய்க்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றுங்கள்.

ஐந்தாவது படி: கட்டுச்சோறு எங்கே செல்லும், எங்கே செல்லாது

நம் வீட்டுப் பெண்கள் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டிக்கொண்டு வருவார்கள். பெரிய பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதால் ஒளித்து எடுத்துப்போகும் யோசனையே வேண்டாம். பெரியவர்களுக்கு அது அவமானமாகிவிடும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரையரங்குகள் பற்றிய ஒரு வழக்கில், வெளிச் சாப்பாட்டைத் தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே, சுத்தமான குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் பதிவு செய்தது. அது தியேட்டர்கள் பற்றிய தீர்ப்பு. பார்க்குகளும் அதே நியாயத்தைத்தான் பேசுகின்றன. ஆகவே குழந்தையின் கஞ்சி, பால் பாட்டில், மருந்து, சர்க்கரை உள்ளவர்களுக்கான பிஸ்கட் ஆகியவற்றைத் தனிப் பையில் வைத்து, வாசலில் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள். டாக்டர் சீட்டின் ஒரு படம் போனில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கட்டுச்சோற்றை வண்டியில் வையுங்கள். வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகலாமா என்று டிக்கெட் எடுக்குமுன் விசாரியுங்கள். கையில் முத்திரை குத்தி அனுப்பும் இடமும் உண்டு, ஒருமுறை வெளியே வந்தால் அவ்வளவுதான் என்கிற இடமும் உண்டு. திரும்ப விடமாட்டார்கள் என்றால் கட்டுச்சோறு மாலைக்கு. மூடும் நேரத்தில் வெளியே வருகிற பிள்ளைகளுக்கு அகோரப் பசி இருக்கும். வண்டிக் கதவைத் திறந்ததும் புளிசாதம் இருந்தால் வாசல் கடைகளில் ஆகும் செலவு மிச்சம். வெயிலில் நிற்கும் வண்டியில் தயிர்சாதம் மாலைக்குள் புளித்துவிடும். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி மட்டும் கொண்டுபோங்கள்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். கேரள உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 அக்டோபர் 2 முதல் மலைச் சுற்றுலா இடங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதிரப்பள்ளியும் நெல்லியாம்பதியும் அதில் அடக்கம். சின்னத் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, ஸ்ட்ரா எல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு போதும்.

ஆறாவது படி: வழிச் சாப்பாடு

544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாளையாரிலிருந்து பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான் சுரங்கம், திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி என்று கொச்சி வரை போகிறது. வெறும் வயிற்றோடு பார்க் வாசலுக்குப் போய்ச் சேராமல் இருந்தாலே பாதிச் செலவு குறையும். திருச்சூர் தாண்டுமுன் இட்லி, தோசை, புட்டு கடலை என்று வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிடுங்கள். பன்னியங்கரை, பாலியேக்கரை டோல்களை ஒட்டிய பெரிய கடைகளைவிட, ஊருக்குள் கொஞ்சம் திரும்பினால் கிடைக்கும் கடைகளில் விலை குறைவு, சாப்பாடும் சூடு.

திரும்பும்போது மதியத்துக்கு, கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்தும் கடைகளைத் தேடுங்கள். அங்கமாலியில் அவர்களுடைய பிரீமியம் கஃபேயே இருக்கிறது. மற்ற ஊர்களில் ஜனகீய ஹோட்டல் என்ற சின்ன மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சோறு, ஒரு ஒழிச்சுக்கறி (சோற்றில் ஊற்றும் குழம்பு), தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஊறுகாய். எளிய சாப்பாடுதான், ஆனால் வயிற்றுக்கு இதம். கேரளக் கடைகளில் ஊணு, அதாவது மதியச் சாப்பாட்டு விலையில் மீன் பொரியல் சேராது, அது 'ஸ்பெஷல்' என்று தனிக் கணக்கு. தட்டில் வைப்பதற்கு முன்னால் விலையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஏழாவது படி: தண்ணீரும் பில்லும்

பாட்டில் தண்ணீரின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரயில் நீர் ஒரு லிட்டர் 15-லிருந்து 14 ரூபாய் ஆனது. ஆனால் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்ட்டில் எம்.ஆர்.பி.க்கு மேல் விலை வைத்தால் அது குற்றமாகாது. இடம், சேவை எல்லாம் சேர்ந்தது அந்த விலை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டிக்கடை மாதிரி பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பும் கவுண்டர் என்றால் எம்.ஆர்.பி. பற்றி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். உட்காரும்போதே "சாதாத் தண்ணி, சூடுவெள்ளம்" என்று கேளுங்கள். கேரளத்தில் பதிமுகம் என்ற மரச் சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரைச் சும்மாவே கொண்டுவந்து வைப்பார்கள். பாட்டிலைத் திறந்தால்தான் காசு.

பில் வந்ததும் மூன்று வரிகளைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம். சாப்பிடாதது ஏதாவது ஏறியிருக்கிறதா. சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேறு பெயரில் போட்டிருந்தாலும் எடுக்கச் சொல்லலாம். சத்தம் போட வேண்டியதில்லை. "சேச்சி, இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் கொடுங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பரிமாறிய பையனுக்கு மனசாரக் கொடுக்க நினைப்பதை அவன் கையிலேயே கொடுங்கள். அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறார்கள்.

எந்த நாளில் போவது

ஓணம், பூஜை, கிறிஸ்துமஸ், விஷு, சித்திரை வைகாசி லீவு ஆகிய நாட்களில் அறை விலையும் ஏறும், சில ரிசார்ட்களில் எம்.ஏ.பி.யைக் கட்டாயமும் ஆக்கிவிடுவார்கள். பொங்கல் நாளில் கேரளத்தில் பாலக்காடு உள்பட எல்லையை ஒட்டிய ஆறு மாவட்டங்களுக்கு விடுமுறை. தமிழ்நாட்டுக்கோ தொடர்ந்து சில நாள் லீவு. அன்றைக்கு மலம்புழாவில் இரண்டு மாநிலக் கூட்டமும் சேரும், சாப்பாட்டுக்குத் தவம் கிடக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் பல பார்க்குகள் விலையைக் குறைக்கின்றன; நனையத்தானே போகிறோம், மழை பெய்தால் என்ன. சனிக்கிழமை ராத்திரிக்குப் பதில் வெள்ளி சாயங்காலம் போய்த் தங்கினால் சில இடங்களில் அறை விலையில் வித்தியாசம் தெரியும். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் குழு விலை கேளுங்கள். டிக்கெட்டைவிடச் சாப்பாட்டு விலையைத்தான் அவர்கள் எளிதில் குறைப்பார்கள்.

அமெரிக்காவில் பிள்ளை இருந்தால்

நம் ஊரிலிருந்தும் மகனையும் மகளையும் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே ரிசார்ட் அறையோடு 'டைனிங் பிளான்' என்று விற்கிறார்கள். 2005-இல் தொடங்கி, 2020-இல் கொரோனா சமயத்தில் நின்றுபோய், 2024 ஜனவரி 9 முதல் திரும்ப வந்தது. அப்போது கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் சின்னத் திட்டம் பெரியவருக்கு ஒரு ராத்திரிக்கு 57.01 டாலர், மேசையில் பரிமாறும் சாப்பாடு ஒன்று சேர்ந்த பெரிய திட்டம் 94.28 டாலர். சின்னதே அன்றைய மதிப்பில் தலைக்கு ஏறக்குறைய 4,700 ரூபாய்.

அந்தச் சின்னத் திட்டத்தில் ஒரு ராத்திரிக்கு இரண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி, திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் ஒரு குவளை. அறையில் தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் வாங்கியாக வேண்டும், ஒருவருக்கு மட்டும் வாங்க முடியாது. பயன்படுத்தாத வேளைகள் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போய்விடும், பணம் திரும்ப வராது. கொஞ்சமாகச் சாப்பிடும், அசைவம் தொடாத அம்மா அப்பாவுக்கு அந்தத் தொகை வசூலாவது கஷ்டம். "எங்களுக்கு வேண்டாம்ப்பா, தனித்தனியா வாங்கிக்கலாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அங்கே வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் புட்டியும் மதுவும் கூடாது. சப்பாத்தி சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். கவுண்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகவே தருவார்கள்.

திரும்பி வந்த பிறகு

பில்களைக் கிழித்துப் போடாதீர்கள். அறை பிடிக்கும்போது அனுப்பிய வாட்ஸ்அப் பதிலையும், பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொன்னதற்கு மேல் வாங்கியிருந்தால் முதலில் ரிசார்ட்டுக்கே எழுதுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பில்லின் படம், தேதி, கட்டிய தொகை, அவர்கள் எழுதிக் கொடுத்த விலை ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.